கணக்கில் எழுதாத காது

ஒரு வீட்டில் தகப்பனுக்குத் தலை சுற்றுகிறது. சில வருடம் போக அவருடைய தம்பிக்கும் வருகிறது, பிறகு மூத்த மகனுக்கு. எழும்பி நின்ற ஆள் திடீரென்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார். வீடு சுழல்கிறது என்கிறார். கண்ணை மூடினால் இன்னும் கூடச் சுழல்கிறது, வயிறு குமட்டி வாந்தி வருகிறது, ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. வைத்தியசாலையில் பிறஷர் பார்க்கிறார்கள், இரத்தத்தில் சீனி பார்க்கிறார்கள், ஒன்றுமில்லை என்று அனுப்புகிறார்கள். வீட்டில் பித்தம் என்பார்கள், கண்ணூறு என்பார்கள், கடைசியில் அது பரம்பரையில் உள்ளது என்று சொல்லி அதோடு வாழப் பழகிக்கொள்வார்கள். மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய், பேசாலை, தாழ்வுபாடு என்று கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர்களிலிருந்து இந்த நோயைப் பார்க்கும்போது, வைத்தியத்தைக் கேட்பதற்கு முன் வரலாற்றைக் கேட்கவேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான வருடம் மனிதர் மூச்சை அடக்கி மூழ்கித் தொழில் செய்த கடல் இது. மூழ்குகிறவனின் காது பழுதாகும், காது பழுதானால் தலை சுற்றும். இந்த இரண்டு சங்கதியும் இன்று தனித்தனியே தெரிந்தவை. அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் போனதற்குக் காரணம், இந்தக் கடலைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் சிப்பியை எண்ணினார்களே தவிரக் குளித்தவனின் காதைக் கேட்கவில்லை என்பதுதான் என் வாதம்.

எழுத்தில் குறைவில்லை. கிரேக்க மாலுமி ஒருவன் முதலாம் நூற்றாண்டில் எழுதிவைத்த செங்கடல் வழிநூல், எதிர்க்கரையில் கொற்கையின் முத்துக் குளிப்பைத் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு நடத்தினார்கள் என்கிறது. மூழ்குவது மனிதன் விரும்பிச் செய்யும் வேலையல்ல என்பதற்கு அதுவே பழைய சாட்சி. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டியதற்கும், தூத்துக்குடிக் கரையிலிருந்து பரவ மக்களைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றியதற்கும் பின்னால் முத்து இருந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள், 1796க்குப் பிறகு ஆங்கிலேயர். தீவுக்குத் தெற்கே பெருநிலக் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்று ஒரு பருவத்துக்கு நகரமாகி மறு பருவத்தில் வெறும் மணலாகும் இடங்கள் அவர்களுடைய நாணயச் சாலைகளாக இருந்தன. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரைசேர்ந்தன. எத்தனை வள்ளம், வள்ளத்துக்கு எத்தனை கல், ஆயிரம் சிப்பி ஏலத்தில் என்ன விலை என்பதெல்லாம் வருடவாரியாக இருக்கிறது. 1902இல் வந்த விலங்கியல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மனும் அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெலும் செய்த ஆய்வு, 1903 தொடங்கி 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. சிப்பியின் உடலுக்குள் இருக்கும் நாடாப்புழுக் குடம்பி வரைக்கும் தேடிப்போன பெரிய உழைப்பு அது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒட்டுண்ணிக்குக் கிடைத்த அந்தக் கவனத்தில் பத்தில் ஒன்று குளிப்பவனின் செவிப்பறைக்குக் கிடைத்திருந்தால் இக்கரையின் வைத்திய வரலாறே வேறாக இருந்திருக்கும்.

ஒரு குளிப்பைக் கிட்ட நின்று பார்க்கலாம். வாடை ஓய்ந்து சோழகம் எழுவதற்கு முன்னால், பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை, கடல் தட்டையாகக் கிடக்கும் காலம். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் புறப்பட்ட வள்ளங்கள் விடியும்போது சிப்பி விளையும் பாரின் மேல் நிற்கும். ஒரு வள்ளத்தில் ஐந்து கல், கல்லுக்கு இரண்டு ஆள். ஒருவன் மூழ்கும்போது மற்றவன் இளைப்பாறுவான். பத்துக் கிலோ அளவு, சிலவேளை அதற்கும் கூடிய கல்லில் கயிறு கட்டியிருக்கும். குளிப்பவன் காலைக் கயிற்று வளையத்தில் வைத்து, ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, மற்றக் கையால் மூக்கைப் பொத்தி, ஆழ மூச்செடுத்துத் தலையை அசைத்ததும் மேலே நிற்பவன் கயிற்றை விடுவான். கல் இழுத்துக்கொண்டு போகும். 5 முதல் 10 பாக ஆழத்தைச் சில விநாடிகளில் கடந்து அடியில் நிற்பான். கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். அவன் கூடையில் சிப்பியை வாரி, ஒரு நிமிடம் ஆகும் ஆகாமல் இருக்கக் கயிற்றைச் சுண்டுவான். மேலே நிற்பவன் இழுத்தெடுப்பான். இப்படி ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை மூழ்கினார்கள் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள், தங்கை தாலியறுப்பாள் என்ற பயம் அவன் ஒருவனுக்குத்தான் இருக்கும் என்ற பேச்சு இரண்டு கரையிலும் வழங்குகிறது. அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் நடப்பாக இருந்தது என்பது ஒருபுறமிருக்க, இது குடும்பமாகச் செய்த தொழில் என்பதை அது சரியாகவே சொல்கிறது.

இப்போது காதுக்கு வருவோம். செவிப்பறைக்கு வெளியே கடல், உள்ளே நடுக்காதில் சிறிதளவு காற்று. கீழே போகப் போக நீர் பறையை உள்ளே தள்ளும். நடுக்காதையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் மெல்லிய குழல் திறந்து காற்றை உள்ளே விட்டால் இரு பக்கமும் சமமாகும். மூக்கைப் பொத்தி மூச்சைத் தள்ளினால் அது திறக்கும் என்பதை இத்தாலிய உடற்கூற்றாளர் வல்சால்வா 1704இல் எழுதிவைத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு போன நம்முடைய குளியாள் கைப்பழக்கத்தில் அதை அறிந்திருக்கக்கூடும். ஆனால் கல்லின் வேகம் அவகாசம் கொடுக்காது. சமப்படுத்தாமல் ஒன்று ஒன்றரை மீற்றர் இறங்கிவிட்டாலே குழலின் வாய் இறுகிப் பூட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. தடிமன் பிடித்திருந்தால் சொல்லத் தேவையில்லை. அங்கேதான் பறை கிழிகிறது, இரத்தம் கசிகிறது. 1803இல் இலங்கை பற்றி நூல் எழுதிய படை அதிகாரி றொபேட் பேர்சிவல், மேலே வந்த குளியாட்களின் வாயிலும் மூக்கிலும் காதிலும் நீர் வருவதையும் அடிக்கடி இரத்தமே வருவதையும் பதிந்திருக்கிறார். அப்படியிருந்தும் அவர்கள் தங்கள் முறை வந்ததும் மீண்டும் இறங்கினார்கள் என்கிறார். சிலர் உடம்பில் எண்ணெய் பூசி, காதையும் மூக்கையும் அடைத்துக்கொண்டு போனார்கள், வேறு சிலர் ஒன்றும் செய்யவில்லை என்றும் எழுதுகிறார். காதை அடைப்பது காவல் என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் அது கெடுதலைக் கூட்டும்: அடைப்புக்கும் பறைக்கும் நடுவில் சிக்கிய காற்றின் அழுத்தம் நடுக்காதில் உள்ளதைவிடக் குறைந்து நிற்கும்போது, பறை வெளிப்பக்கமாக உறிஞ்சப்பட்டுக் கிழியலாம். பாதுகாக்கச் செய்த வேலையே காயமாக முடிந்த இந்த இடம் என்னை மிகவும் வருத்துவது, ஏனென்றால் இதைச் சொல்லித் திருத்தக்கூடிய அறிவு அன்று உலகில் எங்குமே முழுமையாக இருக்கவில்லை.

ஆம், எங்குமே இல்லை. கடலுக்குள் மூழ்குவோரின் காது ஏன் உடைகிறது என்ற கேள்வி அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் வினாத்தொகுப்பில் இருக்கிறது. அவ்வளவு பழைய கேள்வி. ஆனால் உடைந்த காதுக்கும் சுற்றுகிற தலைக்கும் தொடர்புண்டு என்பது மிகவும் பிந்தி வந்த அறிவு. 1861இல் பாரிசில் புரொஸ்பர் மெனியே என்ற வைத்தியர்தான், வாந்தியோடு வரும் கடும் தலைச்சுற்று மூளையில் இரத்தம் கட்டுவதால் வருவதல்ல, உட்காதில் பிறக்கக்கூடியது என்று வாதாடினார். பிறகு வியன்னாவில் றொபேட் பாரனி, நோயாளியின் காதைக் குளிர்ந்த நீரால் கழுவினால் கண் ஒரு பக்கமும் சூடான நீரால் கழுவினால் மறுபக்கமும் துள்ளுவதைக் கண்டு, உட்காதின் சமநிலை உறுப்பு வேலை செய்யும் விதத்தை விளக்கினார். அதற்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பாரனி தம் அறையில் செய்த அதே சோதனையை மன்னார்க் கடல் நூற்றாண்டுகளாகச் செய்துகொண்டிருந்தது. பறை ஒரு பக்கம் மட்டும் கிழிந்த ஒருவன் மூழ்கும்போது குளிர்ந்த நீர் ஒரு காதுக்குள் மட்டும் புகும். அடியில் நிற்கும்போதே உலகம் அவனைச் சுற்றிச் சுழலும். மேல் எது கீழ் எது என்று தெரியாது. அந்த நிலையில் அவனுக்கு இருந்த ஒரே திசை, மைத்துனன் பிடித்திருந்த கயிறு.

பரியாரியார் பித்தம் என்று சொன்னதை இங்கே இகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கிறுதி வருகிறது, கூடவே குமட்டல், பிறகு மஞ்சளாகக் கசந்த வாந்தி. கண்ணால் கண்டதை வைத்துப் பித்தம் மேலேறியது என்று முடிவுகட்டியது, அதே காலத்து ஐரோப்பியர் மூளையில் இரத்தம் ஏறியது என்று அட்டை விட்டு இரத்தம் எடுத்ததைவிட மோசமான ஊகமல்ல. சுக்கும் மல்லியும் சீரகமும் வயிற்றுக்கு ஓரளவு இதமும் கொடுத்திருக்கும். குறை அங்கேயில்லை. முதலாளியிடமும் அரசாங்கத்திடமும்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சுறாவைக் கட்டுவதற்கு மந்திரம் ஓதும் கடல்கட்டிக்கு ஆங்கில அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. அவர் கடற்கரையில் நின்று ஓதாவிட்டால் குளியாட்கள் இறங்கமாட்டார்கள், இறங்காவிட்டால் வருமானமில்லை. 1859இல் எழுதிய எமர்சன் டெனன்ட், அந்த வேலையைப் பரம்பரையாகச் செய்துவந்தவர் கத்தோலிக்கராக இருந்ததையும் குறித்துவைத்தார். கொலராப் பயத்தால் முகாமில் வைத்தியமனையும் வந்தது, ஏனென்றால் கொலரா முகாமையே கலைத்துவிடும். தொழிலை நிறுத்தக்கூடிய பயத்துக்கும் நோய்க்கும் அரசாங்கம் செலவழித்தது. காது அப்படியல்ல. காதில் சீழ் வடிந்தபடியே ஒருவன் அந்தப் பருவத்தை முடித்துவிடலாம். தலைச்சுற்று அவன் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். அதைப் பார்ப்பவள் மனைவி, எந்தக் கணக்கப்பிள்ளையும் அல்ல.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஆழம் 10 பாகம், அதாவது 18 மீற்றர். அடியில் நிற்பது ஒரு நிமிடம். இவ்வளவில் வாழ்நாள் முழுக்கத் தொடரும் நோய் வருமா? ஆழக்கடல் குளியாளருக்கு இரத்தத்தில் நைதரசன் குமிழி கட்டி வருவதுதானே உண்மையான ஆபத்து? பசிபிக்கில் துவாமோத்துத் தீவுகளின் முத்துக் குளியாளரை இதற்கு எதிராக நிறுத்தலாம். ஈ. ஆர். குறொஸ் 1950களின் இறுதியில் அங்கே கண்டதை எழுதினார். மூச்சடக்கி 30 மீற்றருக்கு மேல் மூழ்கி, சில நிமிட ஓய்வோடு மீண்டும் மீண்டும் இறங்கியவர்கள் அவர்கள். ஒரே நாளில் 235 பேரில் 47 பேருக்குத் தாரவானா என்று அவர்கள் அழைக்கும் நோய் கண்டது. பெரும்பாலானவர்களுக்குத் தலைச்சுற்றும் குமட்டலும், சிலருக்குப் பாரிசவாதம், இரண்டு பேர் இறந்தார்கள். பக்கத்து மங்கரேவாவில் பத்து நிமிடத்துக்குக் கூடுதலாக ஓய்வெடுத்து மூழ்கியவர்களுக்கு அது வருவதில்லை. இந்த மறுப்பை நான் பெரிதும் ஏற்றுக்கொள்கிறேன். ஆறு மணித்தியாலத்தில் நாற்பது ஐம்பது முறை என்றால் மன்னார்க் குளியாளுக்கு ஒரு முறைக்கு ஏழு முதல் ஒன்பது நிமிடம் கிடைத்திருக்கிறது. ஆழமும் துவாமோத்துவில் பாதிதான். குமிழி நோயால் இங்கே கூட்டங்கூட்டமாக விழுந்திருப்பார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் காது ஆழத்தைக் கேட்பதில்லை, மாற்றத்தைத்தான் கேட்கிறது. மேற்பரப்பிலிருந்து 10 மீற்றருக்குள் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அதற்குக் கீழே எங்கும் ஒரு 10 மீற்றரில் அவ்வளவு பெரிய விகித மாற்றமில்லை. ஒரு நாளில் நாற்பது முறை மூழ்கியவன் அந்த வாசலை எண்பது முறை கடந்தான். சுவீடனில் கிளாஸ் லுண்ட்கிரென் 1965இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குளியாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நீரில் தலைச்சுற்றை அனுபவித்ததாகச் சொன்னார்கள். மேலே வரும்போது ஒரு காதின் காற்று உடனே வெளியேறி மறுகாதில் தங்கிவிட்டால், மூளைக்கு இரு பக்கத்திலிருந்தும் வேறு வேறு செய்தி போகிறது என்பதே அவர் கொடுத்த விளக்கம். அது சிறிது நேரத்தில் போய்விடும். போகாதது வேறு: பலமாகத் தள்ளும்போது நடுக்காதுக்கும் உட்காதுக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வு கிழிந்து உள்நீர் கசிவதும், கிழிந்த பறை வழியாகக் கிருமி போய் வருடக்கணக்கில் சீழ் வடிந்து எலும்பை அரித்து உட்காது வரை சேருவதும். இரண்டாவது வகையில் தொழிலை விட்டுப் பத்து வருடம் கழித்தும் சுற்றும். தகப்பன் கரையேறி வலை பொத்திக்கொண்டிருக்கும் வயதில் அது வந்தால், கடலைக் குற்றஞ்சாட்ட யாருக்குத் தோன்றும்?

பரம்பரை என்ற பேச்சையும் இந்த இடத்தில்தான் வைத்துப் பார்க்கவேண்டும். தகப்பன், சித்தப்பன், மகன் என்று வரிசையாக வந்தால் அது இரத்தத்தில் உள்ளது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த மூவரும் ஒரே வள்ளத்தில், ஒரே வயதில் தொடங்கி, ஒரே முறையில் மூக்கைப் பொத்தி இறங்கப் பழகியவர்கள். மகன் தகப்பனிடமிருந்து தொழிலையும் அதன் காயத்தையும் சேர்த்தே வாங்குகிறான். அப்படியானால் கடலில் இறங்காத பெண்களுக்கு ஏன் சுற்றுகிறது என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு நான் நேராகவே தலைவணங்குகிறேன்: ஒரு வீட்டில் வரும் எல்லாத் தலைச்சுற்றும் ஒரு நோயல்ல. இரும்புச்சத்துக் குறைவால் எழும்பும்போது கண் இருட்டுவது வேறு. ஒற்றைத்தலைவலியோடு வருவது வேறு, அது உண்மையிலேயே குடும்பவழியில் வரக்கூடியது. படுக்கையில் புரளும்போது அரை நிமிடம் உலகம் சுழன்று அடங்குவது இன்னொன்று. உட்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துணுக்குகள் இடம்பெயர்ந்து வளைகுழலுக்குள் விழுவதால் வருவது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்தார்கள். தலையை ஒரு முறைப்படி திருப்பிப் படுக்கவைத்து அந்தத் துணுக்குகளை வெளியேற்றும் வைத்தியத்தை அமெரிக்காவின் ஜோன் எப்லி கொண்டுவந்தார். மாத்திரையில்லாமல் சில நிமிடத்தில் பலருக்குச் சுகம் தருவது அது. எல்லாவற்றையும் பித்தம் என்ற ஒரே சொல்லால் மூடியதும், எல்லாவற்றையும் பரம்பரை என்ற ஒரே சொல்லால் மூடியதும் ஒரே வகைத் தவறு. நான் முத்துக்குளிப்பு என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டால் அதே தவறை மூன்றாவது முறை செய்தவனாவேன். சொல்ல வருவது இவ்வளவுதான்: நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, நீ என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் சேர்க்கவேண்டும் என்று 1700இலேயே இத்தாலிய வைத்தியர் ரமத்சினி எழுதினார். இக்கரையில் அந்தக் கேள்வியை நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதாது. தகப்பனும் பாட்டனும் என்ன தொழில் செய்தார்கள், யாருக்குக் காது வடிந்தது, எந்தக் காது மந்தம் என்று வீட்டையே கேட்கவேண்டும்.

முத்து ஓய்ந்துபோனது. 1905இன் பேராசையோடு அடுத்த வருடம் இந்தப் பார்களை ஒரு தனியார் கம்பனி 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பியே கிடைக்காமல் அது கலைந்தது. 1925இல் ஒரு பெரிய குளிப்பு நடந்தது. அதன்பின் அந்த அளவில் எதுவும் இல்லை. உட்காதைப் பற்றிய அறிவு உலகில் வளர்ந்து முடிந்த நேரத்தில் அதனால் பயன்பெற வேண்டியவர்கள் வேறு தொழிலுக்குப் போயிருந்தார்கள். அதனால் இது வெறும் பழங்கதை என்று ஒருவர் நினைத்தால் அதுவும் சரியல்ல. மூழ்குவது நிற்கவில்லை. சங்கும் கடலட்டையும் இன்றும் மன்னார்க் குடாவிலும் பாக்கு நீரிணையிலும் குளித்தே எடுக்கப்படுகின்றன. கடலட்டை சீனத்துக்கும் சிங்கப்பூருக்கும் போகும் விலையுயர்ந்த பண்டம். கல்லுக்குப் பதில் முதுகில் சிலிண்டர் வந்திருக்கிறது. அதோடு நான் முத்துக் காலத்துக்குப் பெரிதும் தள்ளிவைத்த குமிழி நோயும் வந்திருக்கிறது, ஏனென்றால் சிலிண்டர் இருப்பவன் ஒரு நிமிடத்துக்குப் பதில் நெடுநேரம் அடியில் நிற்கிறான், ஒரு நாளில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல சிலிண்டரை முடிக்கிறான். இந்தக் குமிழி உட்காதைத் தாக்கினால் அதன் முதல் அடையாளமே தலைச்சுற்றும் வாந்தியும்தான். பாட்டன் காலத்துத் தலைச்சுற்றும் இதுவும் வெளிக்கு ஒன்றுபோலவே இருக்கும், வீட்டில் ஏற்கெனவே பழகிய நோய் வேறு. ஆகவே வழக்கம்போல அடங்கிவிடும் என்று விட்டுவிடத் தோன்றும். மேலே வந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒருவருக்குத் தலை சுற்றினால் அதை அப்படி விடக்கூடாது. தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைப்பதும், உலகின் பல மீனவக் கரைகளில் நடப்பதுபோல மீண்டும் நீருக்குள் இறக்கிச் சரிசெய்யப் பார்ப்பதும் ஆளை முடமாக்கக்கூடியவை. உடனே ஒட்சிசன் கொடுக்கவேண்டும், அழுத்த அறை உள்ள இடத்துக்குத் தாமதமில்லாமல் அனுப்பவேண்டும். எத்தனை சிலிண்டர் முடித்தார், எந்த ஆழத்தில் நின்றார், எத்தனை மணிக்கு மேலே வந்தார் என்ற மூன்றையும் கூடப் போகிறவர் வைத்தியரிடம் கேட்காமலே சொல்லவேண்டும். சுற்றுகிற தலையோடு கிடப்பவரால் அதைச் சொல்ல முடியாது.